ரபேல் துபாஷி பொறுக்கியெடுத்த சொல்

மலாயாவில், கோத்தா திங்கி கோர்ட்டில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த ரபேலிடம் இங்கிலீஷில் எது பிடிக்கும் என்று கேட்டால், அக்கம்பக்கத்துச் சொற்களுக்கு நடுவில் இருக்கும் சந்துதான் பிடிக்கும் என்பார். ஆள் பார்க்காதபோது எடுத்துக்கொண்டு போனால் 'ஸ்டீல்'. ஆளை மிரட்டிப் பிடுங்கினால் 'ராப்'. நம் பாஷையிலும் திருட்டு, வழிப்பறி என்று தனித்தனியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "இருக்குதுலா, யாரு பார்த்துப் பேசுறா? நம்மாளுக்கு எல்லாம் களவாணிப் பயல்தான்" என்று கையை உதறுவார்.

அவர் பேச்சில் நியாயமும் இருந்தது. ஒருமுறை மார்க்கெட்டில் கோழி களவாடிய ஒருவனை 'ராபரி' என்று சொல்லிப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியது. கோழிக்காரி, "என் கையிலேருந்து பறிச்சிட்டான்" என்று ஒரே அழுகை. ரபேல் இரண்டே கேள்வி கேட்டார். கோழி கூடையில் இருந்தது, அவள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை மென்றாள் என்று தெரிந்தது. மாஜிஸ்திரேட் துரையிடம் 'தெஃப்ட்' என்றார். வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டியவன் சீக்கிரமே வெளியே வந்து, கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் கும்பிடு போட்டான். அன்றிலிருந்து துபாஷியின் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. ஒரு சொல்லைச் சரியாகப் பொறுக்கினால் ஒரு ஆளைக் காப்பாற்றலாம் என்று கண்டுகொண்டார். அதன் மறுபாதியையும் அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கடைக்காரர்கள் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக்கு மேலே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து கருப்பாயியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் புருஷன் அய்யாவு சாயங்காலம் கஞ்சி குடித்தான், இரவெல்லாம் வாந்தி எடுத்தான், விடிவதற்குள் போய்விட்டான். மத்தியானமே எரித்தும்விட்டார்கள். சாம்பல் ஆறிய பிறகுதான் சின்னத் துரை போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

சின்னத் துரை தோட்டத்தின் உதவி மானேஜர். சீமையிலிருந்து வந்து நாள் ஆகவில்லை, இளவட்டம். தோட்டத்துத் துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததே, அதைப் பெரிய துரையைவிட நல்ல மார்க்கில் பாஸ் செய்தவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது நேர்மையாகத்தான் சொன்னார். சாவு விழுந்தது என்று கேள்விப்பட்டு மரியாதைக்காகக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனாராம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றாராம். பிணத்தின் மேல் விழுந்து அந்தப் பெண் சொன்னது அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்ததாம். அதைத் தமிழிலேயே சொல்லிக் காட்டினார்.

"கப்பலேத்திக் கொண்டாந்தேனே, கஞ்சியிலே நஞ்சு வச்சேனே, பாவி நானே கொன்னேனே."

வெள்ளைக்காரன் வாயில் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. கருப்பாயி, லாலான் புல்லுக்கு விஷ மருந்து தெளிக்கும் கூட்டத்தில் வேலை செய்கிறவள் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

மாஜிஸ்திரேட் துரை பேனாவை நிறுத்திவிட்டு ரபேலைப் பார்த்தார். இதை 'அட்மிட்' என்று எழுதட்டுமா, 'கன்ஃபெஸ்' என்று எழுதட்டுமா, இந்த நுணுக்கத்திலெல்லாம் நீர்தானே கெட்டிக்காரர் என்று கேட்டார்.

ரபேலுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு துரை தன்னிடம் இங்கிலீஷுக்கு விளக்கம் கேட்டது இதுதான் முதல் தடவை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணை யாராவது குற்றம் சாட்டினார்களா என்று சின்னத் துரையைக் கேட்டார். இல்லை, அவளாகத்தான் சொன்னாள் என்று பதில் வந்தது. அப்படியானால் 'அட்மிட்' பொருந்தாது என்றார் ரபேல். ஒருவன் குற்றம் சாட்டி, மற்றவன் ஆமாம் என்று ஏற்றுக்கொண்டால்தான் அது 'அட்மிட்'. யாரும் கேட்காமலே உள்ளே கிடந்து அரிப்பதைத் தானாக எடுத்து வெளியே வைப்பது 'கன்ஃபெஸ்'. கோயிலில் நாங்கள் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கும் இதே சொல்தான், யுவர் ஆனர் என்றும் சொல்லி வைத்தார். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பேனா முள் கீறும் சத்தம் ரபேலுக்கு இனிமையாக இருந்தது.

கூண்டில் நின்ற கருப்பாயிக்கு இதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. தாலி அறுத்த வெறும் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, பேசுகிறவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிக்காரியிடம் கேட்ட இரண்டு கேள்வியை இவளிடம் கேட்க வேண்டும் என்று துபாஷிக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் அந்தச் சந்தோஷத்தோடுதான் போனார். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடியே மனைவி டொரத்தியிடம் முழுக் கதையையும் சொன்னார். டொரத்தி சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"செத்த வீட்டுல, பொணத்து மேல விழுந்து சொன்னதா?"

"ஆமா. அவளா சொன்னது."

"அலமாக்! அது ஒப்பாரிங்க."

"ஒப்பாரியோ என்னவோ, சொன்னது சொன்னதுதானே?"

டொரத்தி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எங்கப்பா மரத்துலேருந்து விழுந்து செத்தாரு. எங்கம்மா என்னா பாடுச்சு தெரியுமா? நான்தான் தள்ளிவிட்டேன், நான்தான் ஒங்களக் கொன்னேன்னு பாடுச்சு. அப்பா விழுந்தப்ப அது ஆத்துல துணி தொவச்சிக்கிட்டு இருந்துச்சுங்க. பொண்டாட்டி பழிய மொதல்ல தன் தலையில போட்டுக்கணும். இல்லாட்டி புருசன் வீட்டு ஆளுங்க வாழ்நாள் பூரா குத்திக் காட்டுவாங்க. அவ போட்டுக்கிட்ட ஒடனே மத்த பொம்பளைங்க கட்டிப்புடிச்சு, நீ இல்லடி ஆத்தா, எமன்டி கொன்னான்னு பதில் பாடுவாங்க. அதோட பழி எறங்கிரும். பதில் பாடுறதுக்குள்ள ஒங்க தொரை கெளம்பிட்டாரா?"

ரபேல் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். அவர் தாய் தகப்பன் அறியாதவர். சிங்கப்பூரில் சாமியார்கள் நடத்திய விடுதியில் வளர்ந்தார். அங்கே சாவு என்றால் மணி அடிக்கும், முழந்தாளிட்டு ஜெபம் சொல்வார்கள், அழுகிறவன் கைக்குட்டைக்குள் அழுவான். தோட்டத்துச் சாவு வீடுகளைத் தாண்டிப் போகும்போது பெண்கள் ஓலமிடுவது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதில் சொற்கள் இருக்கின்றன என்று நின்று கேட்டதே இல்லை. சொல்லையே பிழைப்பாக வைத்திருப்பவர், அந்தச் சொற்களைச் சத்தம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். இப்போது அவருக்குப் பயமாக இருந்தது.

"இங்கிலீசுல ஒப்பாரிக்கு வார்த்தை கெடையாதா?" என்று கேட்டாள் டொரத்தி.

"இருக்கு. லமென்ட்."

"அதச் சொல்லியிருக்கலாமே."

கையைக் கழுவிவிட்டு அவர் மறுபடியும் கோர்ட்டுக்கு ஓடினார். மாஜிஸ்திரேட் துரை அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் எழுதியது எழுதியதுதான் என்றார். நீர் துபாஷி, சாட்சி அல்ல. அடுத்த விசாரணையில் அவளையே கேட்போம். நான் கொல்லவில்லை, துக்கத்தில் பாடியது என்று அவள் தன் வாயால் சொன்னால் அதையும் எழுதிக்கொள்கிறேன், பிணமும் இல்லை, வேறு சாட்சியும் இல்லை, இந்த வழக்கு நிற்காது. கொன்றேன் என்று சொல்லிவிட்டால் 'மர்டர்' என்று ஜொகூர் பாருவில் பெரிய கோர்ட்டுக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அங்கே அதற்குத் தூக்குத்தான்.

ஆக, எல்லாம் கருப்பாயி சொல்லப்போகும் ஒரு பதிலில் வந்து நின்றது. துபாஷி கைதியோடு தனியாகப் பேசக் கூடாது. ரபேல் பேசினார். வேலை போனால் போகட்டும் என்ற துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, குற்ற உணர்ச்சிதான் தள்ளிக்கொண்டு போயிருக்கும். லோக்காப்பில் காவலுக்கு நின்ற மாத்தா, அந்த மலாய்ப் போலீஸ்காரன், தெரிந்தவன். வெளியே போய் ரோக்கோ பற்ற வைத்துக்கொண்டான்.

தரையில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. கருப்பாயி மூலையில் குந்தியிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்னம்மா நடந்துச்சு? எங்கிட்ட சொல்லு."

"வவுத்தால போயிக்கிட்டே இருந்துச்சுங்கய்யா. எங்க லயத்துல இன்னும் ரெண்டு பேரு அப்படித்தான் படுத்துக் கெடக்குறாங்க. அவரு ஒண்ணும் வேணாம் வேணாம்னாரு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய் கஞ்சி ஊட்டுனேன். குடிச்சதும் கொடலே வெளிய வந்த மாதிரி கக்குனாரு." அவள் கண் நிரம்பியது. "ஊர்ல சும்மா கெடந்தவரு. மலாயாவுக்குக் கப்பலேறலாம்னு சொன்னதும் நான்தானுங்க."

லயத்தில் வாந்திபேதி. அதைச் சின்னத் துரை கோர்ட்டில் சொல்லவில்லை. அது வெளியே தெரிந்தால் தோட்டத்தையே மூடி, யாரும் வரப்போகக் கூடாது என்று மறியல் போட்டுவிடுவார்கள் என்பது ரபேலுக்குத் தெரியும். ஆனால் சாட்சி அல்லாதவர் சொன்னால் அதுவும் கோர்ட்டில் எடுபடாது.

"இங்க பாரும்மா. விசாரணை அன்னைக்குக் கோர்ட்டுல தொரை கேப்பாரு. நான் கொல்லல, அது ஒப்பாரின்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்."

அவள் யோசித்தாள். "கோர்ட்டுக்குத் தோட்டத்து ஆளுங்கல்லாம் வருவாங்களா?"

"வருவாங்க. ஒம் புருசனோட அண்ணன் அர்ச்சுனனும் வரேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"மூத்தவரு முன்னாலயா?" அவள் முகம் சுருங்கியது. "பொணத்து மேல பாடுனத இல்லன்னு சொல்றதுங்களா? அப்ப நான் அழுததெல்லாம் வேசம்னு ஆயிராதுங்களா?"

"தூக்குல போட்டுருவாங்கம்மா!"

கருப்பாயி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். இத்தனை படித்தவர் இப்படிக் குழந்தை மாதிரி பயப்படுகிறாரே என்று நினைத்தாளோ என்னவோ. "அழுததுக்கு யாருங்கய்யா தூக்குல போடுவாங்க? அந்தச் சின்னத் தொரை தொப்பியக் கழட்டிக்கிட்டு நின்னு கேட்டாருங்க. நல்ல மனுசன்."

அவர் மறுபடியும் மறுபடியும் சொன்னார். கை கூப்பிக்கூடக் கேட்டார். கடைசியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆகட்டுங்கய்யா" என்றாள். ரபேல் பெருமூச்சு விட்டார். தோட்டத்து ஜனங்கள் மேலாள் எது சொன்னாலும் ஆகட்டுங்க என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, சம்மதித்துச் சொல்வது வேறு. இதையும் அவர் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போலும்.

விசாரணை அன்று மழை கூரைமேல் அடித்துக்கொண்டு கிடந்தது. கூட்டத்தில் முன்பெஞ்சில் அர்ச்சுனன் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். தம்பியின் ஜாடை அப்படியே இருந்ததாம், கருப்பாயி அவனைப் பார்த்ததுமே தடுமாறினாள். தோட்டத்துப் பெண்களை உள்ளே விடவில்லை. கதவருகே நனைந்துகொண்டு நின்றார்கள். லயத்தில் கருப்பாயிக்குப் பக்கத்து வீட்டுக்காரியான ராஜம்மா அவர்களுக்கு முன்னால் நின்றாள். சின்னத் துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

புருஷனைக் கொன்றாயா என்று கேள் என்றார் மாஜிஸ்திரேட். ரபேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு நீ பாடுனது ஒப்பாரிதானே, அத தொரைகிட்ட சொல்லும்மா" என்றார்.

சின்னத் துரை சடாரென்று எழுந்தார். துபாஷி அவள் வாயில் வார்த்தையைத் திணிக்கிறார், யுவர் ஆனர், நீங்கள் கேட்டது அதுவல்ல என்றார். மாஜிஸ்திரேட்டின் முகம் சிவந்தது. கேட்டதை மட்டும் கேள், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் உன்னையும் உள்ளே வைப்பேன் என்று எச்சரித்தார். ரபேல் கூண்டுப் பக்கம் திரும்பினார். இந்த அறையில் அவருக்கு இத்தனை காலம் பலமாக இருந்தது, அவரைத் தவிர வேறு யாருக்கும் இரண்டு பாஷையும் தெரியாது என்பதுதான். இன்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நூல்கூட விலகிச் சொல்ல முடியாது.

"ஒம் புருசன நீ கொன்னியா?" என்று கேட்டார்.

கருப்பாயி அர்ச்சுனனைப் பார்த்தாள். அர்ச்சுனன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். செத்தவனின் அண்ணன், அத்தனை பேர் முன்னால், அந்தக் கேள்வி. வேறு என்ன சொல்வாள்? அவள் கை தானாக எழுந்து மாரில் அடித்தது. குரல் நீண்டு, இழுத்துக்கொண்டு வந்தது.

"நான்தானே கொன்னேன்... என் ராசாவ நான்தானே கொன்னேன்..."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பாதி திரும்பி நின்றாள். பதிலுக்குக் காத்து நின்றாள். வாசலில் ராஜம்மா இரண்டு கையையும் நீட்டி, "நீ இல்லடி ஆத்..." என்று தொடங்கினாள்.

"டியாம்!" என்று அதட்டினான் மாத்தா. ராஜம்மாவின் வாய் அடைத்தது.

கருப்பாயி அப்படியே நின்றாள். பழியை இறக்கி வைக்க ஒருத்தியும் வரவில்லை. அவள் கண்கள் கதவிலிருந்து நகர்ந்து, கையெட்டும் தூரத்தில் நின்ற ரபேலிடம் வந்தன. அந்த அறையில் தமிழ் பேச அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். என்ன சொல்ல வேண்டும் என்றும் அவருக்குத் தெரியும், டொரத்தி சொல்லியிருக்கிறாள். நீ இல்லடி ஆத்தா. மூன்று வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுக் கம்பிக்குப் பின்னால் போயிருந்தாலும் மனுஷனாக இருந்திருப்பார்.

"வெல், ரபேல்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"யுவர் ஆனர், ஷி லமென்ட்ஸ்..."

"கொன்னேன் என்றால் 'கில்'," என்று குறுக்கிட்டார் சின்னத் துரை. "எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும்."

யுவர் ஆனர், எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று ரபேல் ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் பேனாவை உயர்த்தினார். நீர் சாட்சி அல்ல என்று முன்பே சொன்னேன். 'கில்' சரியா, தப்பா? யெஸ் ஆர் நோ?

சரியா என்றால் சரிதான். அகராதியில் பார்த்தாலும் அதுதான். ரபேல் குனிந்துகொண்டார்.

"யெஸ், யுவர் ஆனர்."

அன்று சாயங்காலமே அவளை மோட்டார் படகில் ஜொகூர் பாருவுக்கு அனுப்ப உத்தரவு ஆயிற்று. ரபேல் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் படித்துறைக்குப் போனார். ஆறு மண் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். அர்ச்சுனன் முன்னால் வந்து, கைவிலங்கோடு நின்ற கருப்பாயியிடம் தழுதழுத்த குரலில் சொன்னான்.

"தொரைமாரு முன்னாலயும் ஒரு சொல்லு கொறையாம அழுதுட்ட தாயி. எந்தம்பி குடுத்து வச்சவன். இனிமே எங்க வீட்டுல ஒருத்தன் ஒன்னய ஒரு வார்த்தை சொல்லிர முடியாது."

அவள் முகம் தெளிந்தது. இத்தனை நாளில் அந்த முகம் அப்படித் தெளிந்து ரபேல் பார்க்கவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஒதுங்கப் போனவரை அவளே கூப்பிட்டாள்.

"அய்யா, நான் சொன்னத தொரைகிட்ட சரியா எடுத்துச் சொன்னீங்களா?"

"சரியாத்தாம்மா சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தல."

"நீங்க நல்லா இருக்கணும். ஜொகூர்ல ரொம்ப நாள் வைப்பாங்களா? அவருக்குக் கருமாதி வருது. அதுக்குள்ள திரும்பிருவேனுங்களா?"

மாத்தா அவள் தோளைத் தொட்டுப் படகுப் பக்கம் தள்ளினான். ராஜம்மாவும் அர்ச்சுனனும் பதிலுக்காகத் துபாஷியின் வாயைப் பார்த்தார்கள். ரபேலுக்குத் தெரிந்த இங்கிலீஷில் இந்த இடத்துக்கு ஒரு சொல்லும் இல்லை, தமிழிலும் இல்லை.

"வந்துருவம்மா" என்றார்.

அவள் விலங்கு மாட்டிய கையாலேயே அவரைக் கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறினாள். எஞ்சின் கிளம்பியது. படகு நடு ஆற்றுக்குப் போன பிறகு அவள் எழுந்து நின்று, கரையைப் பார்த்து உரக்கக் கத்தினாள்.

"ராஜம்மாக்கா! கருமாதிக்கு வந்துருவேனாம்! அய்யாவே சொல்லிட்டாரு!"